எழுபத்தொரு சதவீதம்

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடி நான் அனுப்பிய மின்னஞ்சல்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். ஒரே ஒரு பேராசிரியர் பதில் போட்டார். நுரையீரல் எக்ஸ்ரேயைப் பார்த்து நோயைச் சொல்லும் மென்பொருள் அவருடையது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு சரியாகச் சொல்கிறதாம். படங்களையும் நிரலையும் அனுப்பி, இதை இன்னும் ஏற்றிக் காட்டினால் இடம் பற்றிப் பேசலாம் என்றார்.

வேலையை விட்டுவிட்டு அக்கா வீட்டு மாடியறையில் குந்தியிருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்? இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் பழைய ஆபீசிலேயே போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். வரிந்துகட்டிக்கொண்டு நோண்டினேன். குட்டு வெளிப்பட்டது.

ஒவ்வொரு நோயாளிக்கும் நாலைந்து படங்கள். மனிதர் எல்லாவற்றையும் சீட்டுக்கட்டாகக் கலைத்துப் பிரித்திருக்கிறார். கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் படங்களிலும் அதே ஆள், பரீட்சை வைக்கும் படங்களிலும் அதே ஆள். அது நோயைக் கண்டுபிடிக்கவில்லை, ஆளைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. ஆள்வாரியாகப் பிரித்து மறுபடி ஓட்டினேன். எழுபத்தொன்றுதான் வந்தது. காரணத்தை அறிக்கையில் ஒரு பத்தியாக எழுதி அவருக்கு அனுப்பிவிட்டேன்.

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏத்தச் சொன்னா இறக்கிட்டு வந்து நிக்கிறியே! தொண்ணூத்தெட்டுன்னு போட்டு முதல்ல உள்ள போடி. உண்மையை அப்புறம் பேசிக்கலாம்."

"உள்ள போனா வாயைத் தைச்சுடுவாங்கக்கா."

ஆனாலும் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். பேராசிரியரின் அறையில் வெள்ளைப் பலகை முழுக்கப் பாதி அழித்த சமன்பாடுகள். என் பத்தியை மேசைமேல் வைத்திருந்தார்.

"இடம் கேட்ட மத்தவங்க எல்லாரும் ஏத்தியிருக்காங்க. நீங்க மட்டும் ஏன்மா இப்படி?"

"கேள்வித்தாளை முன்னாடியே காட்டிட்டுப் பரீட்சை வச்சா எல்லாரும்தான் சார் பாஸாவாங்க."

எரிந்து விழுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனிதருக்கு ஏற்கெனவே தெரியும்.

"கெட்டிக்காரிதான். இடம் உங்களுக்கே. இந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துடுங்க. பெரிய ஆஸ்பத்திரில இதை வாங்கிக்கறதா இருக்காங்க."

பொய் சொல்லமாட்டேன், ஆசை தொண்டை வரை வந்தது. இரண்டு வருஷமாக நாயாய் அலைந்த இடம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கூடவே இருமிக்கொண்டு எக்ஸ்ரேக்கு வரிசையில் நிற்கும் யாரோ ஒருவரும் கண்முன் வந்து தொலைத்தார். உங்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று இந்த மென்பொருள் அவரிடம் சொல்லும்.

"அந்தப் பத்தியை எழுதினதாலதானே சார் கெட்டிக்காரின்னீங்க? அதையே எடுத்துட்டா இங்க எனக்கு என்ன வேலை?"

நாற்காலியைச் சத்தம் வர இழுத்துவிட்டு எழுந்து வந்தேன். வேண்டுமென்றேதான் இழுத்தேன்.

பேருந்து நிறுத்தத்தில் மடிக்கணினியைத் திறந்தபோது அக்கா அழைத்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. வேண்டாம்னுட்டேன்."

அக்கா கிழிகிழி என்று கிழித்தாள். மூச்சு வாங்கியதும் கேட்டாள், "இப்ப என்னடி பண்ணிட்டிருக்க?"

"அந்தப் பத்தியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டிருக்கேன்."

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மொட்டைக் கடுதாசியாத்தானே?"

"இல்லக்கா. கீழ என் பேரைப் பெருசாப் போட்டிருக்கேன்."