ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பல்லக்காவுக்கு அந்தப் பெயர் வந்ததில் அவளுடைய சொந்தப் பற்களுக்குப் பங்கே இல்லை. எல்லாம் அவள் செய்து கொடுக்கும் பற்களால் வந்தது. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடியறையில் வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்ற வேண்டும், மெழுகில் பல் செதுக்க வேண்டும், பீங்கான் பூசிச் சின்ன அடுப்பில் சுட வேண்டும். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு என் கைக்குள்ள இருக்கு என்று சொல்லிக்கொள்வாள். ஆனால் அவளே சிரிப்பது கொஞ்சம் குறைவு.

புதன்கிழமை அரை நாள் விடுமுறை. சாப்பிட்டு முடித்ததும் பாயையும் தேநீர் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பிவிடுவாள். வீட்டிலிருந்து ஐந்து நிமிடம். மரக்கடைச் சந்தில் இறங்கி, தண்டவாளத்தைத் தாண்டினால் ஆறு வளைகிற இடத்தில் வெள்ளை மணல். கிளம்புவதற்கு முன் தலையை வாரி, நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொள்வாள்.

"மணலைப் பாக்கப் போறதுக்கு எதுக்கு இவ்ளோ அலங்காரம்?" என்பார் வீட்டுக்காரர். அவர் பேருந்து ஓட்டுநர். காலை ஷிப்ட் முடிந்து வந்து, சோபாவில் காலை நீட்டியபடி கேட்பார்.

"மணலும் நம்மளப் பாக்குமில்ல" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவாள்.

அவருக்குக் காரணம் தெரியும். தெரிந்தும் அதற்குமேல் கிண்டாமல் விட்டதற்காகவே அவர்மீது அவளுக்கு மரியாதை.

அக்கரையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில், அவளுடைய தங்கை குடிவந்து ஒரு வருடமாகிறது. அத்தை மகள்தான் வாய்தவறிச் சொன்னாள். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஒன்பது வருடம். தங்கை கைப்பேசி எண்ணைக்கூட மாற்றிவிட்டாள். பல்லக்கா இரண்டு முறை அந்தத் தெரு வரைக்கும் பேருந்தில் போனாள். இரண்டு முறையும் நிறுத்தத்தில் இறங்கக் கால் வரவில்லை. கடைசி நிறுத்தம் வரை உட்கார்ந்திருந்து அதே பேருந்தில் திரும்பி வந்தாள்.

சண்டை அப்பாவால் வந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தவருக்குத் தலைக்குள் ரத்தம் கட்டிவிட்டது. உடனே அறுவை செய்ய வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். தங்கை ஏழு மணி நேரப் பயணத்தில் வேறொரு ஊரில் இருந்தாள். பல்லக்கா கையெழுத்துப் போட்டாள். உள்ளே போன அப்பா உயிரோடு வெளியே வரவில்லை. வந்து சேர்ந்த தங்கை, மருத்துவமனை வராந்தாவில் எல்லோர் முன்னாலும், "என்னை ஒரு வார்த்தை கேட்டியா? நீதான் அப்பாவைக் கொன்னுட்டே" என்றாள். பல்லக்காவும் சும்மா இருக்கவில்லை. "நீ வந்து அவரைப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு?" என்று திருப்பிக் கொடுத்தாள். இரண்டும் ஆறாத வார்த்தைகள். அத்தோடு வழி பிரிந்தது.

அந்தப் புதன்கிழமை நல்ல காற்று. வெயில் மேகத்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. பல்லக்கா பாயில் சாய்ந்து, வெதுவெதுப்பான மணலுக்குள் பாதங்களைப் புதைத்துக்கொண்டாள். வாரம் முழுவதும் குனிந்து கிடந்த கழுத்து மெல்ல இளகியது. கண் சொருகும் நேரத்தில் அக்கரையில் யாரோ ஒரு சின்னப் பெண்ணோடு தண்ணீர் ஓரம் வந்து நிற்பது தெரிந்தது.

முகம் தெரியாத தூரம். ஆனால் நின்ற விதம் தெரிந்தது. ஒரு காலை மடக்கி, பாதத்தால் மற்றக் காலின் கெண்டைச் சதையைத் தேய்த்துக்கொண்டு, நாரையைப் போல். அப்பா அப்படித்தான் நிற்பார். இந்த உலகத்தில் வேறு ஒருத்திதான் அப்படி நிற்பாள்.

பல்லக்கா பாதங்களை மணலிலிருந்து உருவிக்கொண்டாள். எழுந்து நின்றாள். குழந்தை மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஆறு வயது இருக்குமா? அவளுக்கு ஒரு தங்கை மகள் பிறந்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துக்கும் போயிருக்கிறாள். இத்தனையும் தனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. பெரியம்மா என்று ஒருத்தி இருப்பதை அவளிடம் யாராவது சொல்லியிருப்பார்களா?

கையை ஆட்டினாள். அங்கே யாரும் பார்க்கவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். காற்று அதை அப்படியே பின்னால் தள்ளியது. அடுத்து என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்குள், தொண்டை கிழிய ஒரு குரல் அவளிடமிருந்து வந்துவிட்டது.

"ஏய் பூசணி!"

மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்ன வயதில் கன்னம் இரண்டும் உப்பலாக இருந்ததால் தங்கைக்கு அவள் வைத்த பெயர். அதைச் சொன்னாலே தங்கை கையில் கிடைத்ததை எடுத்து வீசுவாள்.

அக்கரையில் மடக்கிய கால் தரையில் இறங்கியது. தங்கை நிமிர்ந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல இருந்தது. பிறகு குனிந்து, செருப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு, குழந்தையை இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு கரையேறி மறைந்துவிட்டாள்.

பல்லக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஒன்பது வருடம் கழித்துக் கிடைத்த ஒரே ஒரு வாய்ப்பு. அதில் போயும் போயும் பூசணி என்றா கத்துவது? உட்கார்ந்தாள், உட்கார முடியவில்லை. இன்றைக்கு விட்டால் இனி ஜென்மத்துக்கும் கிடையாது என்று தோன்றியது. பாயையும் பிளாஸ்க்கையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுச் சாலைக்கு ஓடினாள். பேருந்து உடனே வந்தது. ஆற்றின் வளைவுக்கு அப்பால் இருந்த பாலத்தில் அது ஏறியபோது, தங்கையிடம் என்ன சொல்வது என்று யோசித்தபடி உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஒரு பேருந்து உரசுகிற மாதிரிக் கடந்துபோனது.

தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இந்த முறை இறங்கிவிட்டாள். மணலுக்கு இறங்கும் பாதையை ஒரு சைக்கிள்காரரிடம் கேட்டுப் போனாள். யாரும் இல்லை. குழந்தை தோண்டிய குழியில் தண்ணீர் ஊறிக் கிடந்தது. பக்கத்தில் சின்னச் சின்னக் காலடிகள். பல்லக்கா மண்டியிட்டு ஒரு தடத்தின்மேல் கையை வைத்துப் பார்த்தாள். விரித்த உள்ளங்கைக்குள் அது அடங்கிவிட்டது.

நிமிர்ந்து ஆற்றைப் பார்த்தாள். அக்கரையில், அவள் விரித்துவிட்டு வந்த பாய்க்குப் பக்கத்தில், இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி சின்னவள். இன்னொருத்தி ஒரு காலை மடக்கிக்கொண்டு.

அவளும் பேருந்து ஏறித்தான் போயிருக்கிறாள்.

பல்லக்காவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, இரண்டையும் செய்தாள். இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அங்கேயும் கை ஆடியது. 'அங்கயே இரு, நான் வர்றேன்' என்று விரலால் காட்டினாள். அதே நேரம் தங்கையும் அதையே காட்டினாள். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள், இருவரும் நின்றார்கள். இருவரும் காத்திருப்பதாகக் காட்டி மணலில் உட்கார்ந்தார்கள். பிறகு, மறுபடியும், இருவரும் எழுந்தார்கள்.

இது வேலைக்கு ஆகாது என்று பல்லக்கா மணலில் மல்லாந்து படுத்துவிட்டாள். கைகால்களை விரித்து, செத்த தவளை மாதிரி. இனி என்னை யாரும் அசைக்க முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவாக அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தலையை மட்டும் தூக்கிப் பார்த்தபோது, தங்கை பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த அரை மணி நேரம் போகவே இல்லை. வழியில் தங்கைக்கு மனம் மாறிவிடுமோ? வீட்டுக்குப் போன் செய்து கேட்டால் அவள் கணவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ? பக்கத்தில் எங்கேயோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம். ஒவ்வொரு பேருந்து இரைச்சலுக்கும் அவள் கழுத்து திரும்பியது. இத்தனை நாள் தன் கரையில் இருந்து ஏங்கியதுகூடப் பரவாயில்லை, பழகிப்போனது. வருகிறாள் என்று தெரிந்த பிறகு காத்திருப்பதுதான் தாங்கவில்லை.

பாதையில் முதலில் குழந்தை வந்தது. பின்னால் தங்கை, கக்கத்தில் பாய், கையில் பிளாஸ்க். காதோரம் நரைத்திருந்தது. உப்பிய கன்னங்கள் எங்கோ போயிருந்தன.

"பாயை அப்படியே போட்டுட்டு வந்திருக்கே. யாராவது தூக்கிட்டுப் போயிருந்தா?" என்றாள் தங்கை.

"பழைய பாய்தானே."

"டீயையும் நாங்க குடிச்சிட்டோம். இவளுக்குத் தாகம்."

"குடிக்கத்தானே வச்சிருக்கேன்."

குழந்தை பல்லக்காவை மேலும் கீழும் அளந்தது. "நீங்கதான் பெரியம்மாவா? போட்டோல ஒல்லியா இருந்தீங்க."

போட்டோ என்றால், அந்த வீட்டில் எங்கோ ஒரு போட்டோ இருக்கிறது. பல்லக்கா குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "அது பழைய போட்டோடா கண்ணு" என்றாள். குழந்தை அதற்குள் தன் குழியைப் பார்க்க ஓடிவிட்டது.

இருவரும் ஒரு முழம் இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள். தங்கை மணலை அள்ளி விரலிடுக்கில் வடியவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தாள்.

"விடு."

"விட முடிஞ்சா எப்பவோ விட்டிருப்பேன்க்கா."

பல்லக்கா தண்ணீரைப் பார்த்தாள். ஒன்பது வருடமாக எல்லோரிடமும் அவள் சொல்லிவந்தது ஒன்று: நேரமே இல்லை, உடனே கையெழுத்துக் கேட்டார்கள். வீட்டுக்காரரிடம்கூட அதைத்தான் சொன்னாள்.

"பத்து நிமிஷம் இருந்துச்சு" என்றாள். "வராந்தாவுல பெஞ்சிலதான் உக்காந்திருந்தேன். போன் கையிலதான் இருந்துச்சு. உன்னைக் கூப்பிட்டா வேணாம்னு சொல்லிடுவியோன்னு பயம். அதான் கூப்பிடல."

தங்கையின் கை நின்றது. திட்டப் போகிறாள், எழுந்து போகப் போகிறாள் என்று பல்லக்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"சொல்லியிருப்பேன்" என்றாள் தங்கை கடைசியில். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். அப்பவும் அவர் போயிருப்பாரு. அப்ப நீ என்னைச் சொல்லியிருப்பே."

பல்லக்கா தலையசைத்தாள். அவளும் சொல்லியிருப்பாள். இல்லையென்று சாதிக்க மனம் வரவில்லை.

அதன்பிறகு அவர்கள் அப்பாவைப் பற்றிப் பேசவில்லை. மூட்டு வலியைப் பற்றிப் பேசினார்கள். குழந்தைக்குக் கணக்கு வராததைப் பற்றி, அத்தை மகளின் வாயைப் பற்றி. தங்கையின் கணவர் உலோகக் கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறாராம். பாதி நாள் காது கேட்காத மாதிரி நடிக்கிறாராம். பல்லக்கா சத்தமாகச் சிரித்தாள். வெயில் சாய்ந்து, தண்ணீரின் நிறம் மாறியபோது தங்கை எழுந்து மணலைத் தட்டிவிட்டாள்.

"வீட்டுக்கு வாயேன்" என்று பல்லக்காதான் கேட்டாள். "இல்லன்னா நான் வரட்டுமா?"

தங்கை குழந்தையின் பக்கம் பார்த்தாள். "வீடெல்லாம் இப்ப வேணாம்க்கா. எனக்குக் கொஞ்சம் நாள் கொடு. அடுத்த புதன்கிழமை இங்க வர்றேன்."

"எந்தக் கரைக்கு?"

"நீ அசையாதே. நான் வர்றேன்." கைப்பேசி எண்ணைக் கேட்டு வாங்கினாள். தன் எண்ணைக் கொடுக்கவில்லை, பல்லக்காவும் கேட்கவில்லை. குழந்தை மட்டும் பாதையின் மேட்டிலிருந்து திரும்பித் திரும்பிக் கையாட்டியது.

வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. அடுத்த புதனுக்கு இன்னும் ஏழு நாள். ஏழு வரிசைப் பல் செய்தால் போய்விடும் என்று கணக்குப் போட்டாள். பிறகு, குழந்தையின் பெயரைக் கேட்கவே இல்லையே என்பது உறைத்தது. நிமிர்ந்து பார்த்தபோது, பேருந்து அவள் வீட்டு நிறுத்தத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.