கொழுந்து நடனம்

"டீச்சர், கொழுந்து நடனத்துல இருந்து என்னைய விட்டுடுங்க. பேச்சுப் போட்டிக்கு என் பேரைக் குடுங்க."

பள்ளிக்கூடத்தில் எதையும் வாய்திறந்து கேட்டுவிடாதே என்று ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா தினமும் சொல்லித்தான் அனுப்புவாள். செவந்தி கேட்டேவிட்டாள். சுதந்திர தினத்தன்று பதுளையில் நடக்கும் அந்தப் போட்டியில் வெல்பவருக்குத்தான் கொழும்பில் படிக்கப் புலமைப்பரிசில். அதே நேரத்தில் பள்ளிக்கூடத்தில் நடனம்.

கமலாம்பிகை டீச்சர் சிரித்தார். "என்ன பிள்ளை கதைக்கிறீர்? பேச்சுக்கு டொக்டரின்ர மகள் போறா. நடனத்துக்கு உம்மை விட்டால் ஆர்? கூடை கட்டவே மற்றப் பிள்ளையளுக்குத் தெரியாது."

செவந்திக்கும் தெரியாது. தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகக்கூடாதென்றே அம்மா படிக்கவைத்த பிள்ளை அவள். மூன்று வருஷமாக மேடையில் காற்றைத்தான் கிள்ளிக்கொண்டிருந்தாள். முன்வரிசைப் பெரியமனிதர்கள் அசல், அசல் என்று கைதட்டினார்கள்.

"அவங்க எதைப் பத்திப் பேசுறாங்க டீச்சர்?"

"தோட்டத்துப் பிள்ளையளின்ர கல்வி" என்றார் டீச்சர், கொஞ்சமும் கூசாமல். "உமக்குத்தானே அதெல்லாம் தெரியும். அவவுக்கு நாலு விஷயம் சொல்லிக்குடும்."

செவந்தி கையிலிருந்த நடனக் கூடையை மேசைமேல் வைத்தாள்.

"சொல்றேங்க. ஆனா மேடையில வச்சுச் சொல்றேன். அவங்களும் கேட்டுக்கட்டும்."

"பள்ளிக்கூடம் அனுப்பாமல் எப்பிடிப் போவீர்?"

தனியாகவும் பேர் கொடுக்கலாம் என்று கல்விக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். டீச்சரைக் கேட்டது ஒரு மரியாதைக்கு.

"பஸ்ஸுலதாங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.