கெட்டி நூல்

...மிதியை இன்னும் மெதுவாக அழுத்த வேண்டும், வேகம் கூடினால் கெட்டி நூல் அடியில் சிக்கிக்கொள்ளும், சிக்கினால் மிஷின் கடகடவென்று கத்தும், கத்தினால் உள்ளறையில் அவர் தலையைத் திருப்புவார், என்னா தைக்கிறே என்று கேட்பார், காலையில் கேட்டபோதே ஆர்டர் என்று சொல்லியாயிற்று, இனி வேறு பொய் எங்கிருந்து எடுப்பது... பவுலினா மூச்சைப் பிடித்துக்கொண்டு பஞ்சு வைத்த விரிப்பை ஊசிக்கடியில் நகர்த்தினாள். சூளகிரிப் பக்கம் மெத்தை விரிப்பு யூனிட் வைத்திருக்கும் சுமலதா கற்றுக்கொடுத்த வேலை இது. ஊசிக் கண்ணில் நுழையாத தடித்த நூலை அடிப்பக்கத்துப் பாபினில் கையாலேயே சுற்றி, பாபின் கேஸின் குட்டித் திருகைக் கொஞ்சம் தளர்த்தி, துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தைக்க வேண்டும். நல்ல பக்கம் கீழே இருக்கும். தைக்கிறவளுக்குத் தெரிவது பின்பக்கத்துச் சாதா நூல் மட்டுமே. 'கண்ணை நம்பாதீங்க அக்கா, கைய அடியில விட்டுத் தடவிப் பாருங்க, கயிறு மாதிரி எழும்பி நிக்கணும்' என்பாள் சுமலதா. கண்ணை நம்பாதே... அன்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்ட பேச்சு, இன்று ஏன் இப்படி நெஞ்சில் இடிக்கிறது?

நாளைக்கு அவர் கண் கட்டைப் பிரிக்கிறார்கள். பெங்களூரு ஆஸ்பத்திரியில், காலை நேரத்தில். முலாம் பூசுகிற கம்பெனியில் காஸ்டிக் தண்ணீர் போகிற குழாய் பிடுங்கிக்கொண்டு ஆரோக்கியநாதன் முகத்தில் அடித்தது, இரண்டு கண்ணிலும் ஒரே சமயத்தில்... ஒன்றையாவது விட்டிருக்கக் கூடாதா? ஆபரேஷன் முடிந்து வெளியே வந்த டாக்டர், தமிழும் கன்னடமும் கலந்து பேசுகிறவர், 'பார்க்கலாம்மா' என்றார். அவ்வளவுதான் சொன்னார். எலத்தகிரியிலிருந்து வந்திருந்த மாமியார் அதைக் கேட்டதும் 'கண்ணு காக்குற லூசியம்மா தாயே, எம் புள்ள பார்க்கலாமாம்' என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தப் பார்க்கலாம் கண்ணால் பார்க்கலாம்தானா? பொறுத்துப் பார்க்கலாம் என்ற பார்க்கலாமாக இருந்தால்? ஓசூர் வரும்வரை வண்டியில் அந்த ஒரு சொல்லையே புரட்டிக்கொண்டு வந்தாள். மாமியார் ஜெபமாலை உருட்டினாள், அவர் கட்டோடு சிரித்தபடி எல்லைக் கேட் வந்துருச்சா, டீ வாசனை அடிக்குதே என்றார், எல்லோரும் நம்பினார்கள், இவள் ஒருத்திதான்... விசுவாசம் இல்லாதவளா நான்? ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள்தானே? ஆனால் வீட்டுக்கு வந்த சில நாளில் அவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார், விளிம்பு எது, நடு எது என்று கைக்குத் தெரியவில்லை, தரையில் உட்கார்ந்துகொண்டு 'ஒண்ணுமில்ல பவுலி, தூக்கத்துல' என்றார், பொட்டு நேரம்கூடத் தூங்காத மனிதர். மறுநாளே இந்த விரிப்புக்குத் துணி வெட்டினாள். நான்கு ஓரமும் விரல் தடுக்குகிற அளவுக்குக் கெட்டி வரி, தலைமாட்டில் வளைந்து வளைந்து ஒரு கொடி, கால்மாட்டில் வெறும் கோடுகள். கை வைத்தால் போதும், தெரிந்துவிடும். கட்டுப் பிரிக்கும்வரைக்கும்தானே என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கட்டுப் பிரிக்கும்வரைக்கும் மட்டும் என்றால் ஓரத்தில் இரண்டு தலையணை போட்டால் ஆகாதா? ஒரு கொடி எதற்கு, அதில் இத்தனை இலை எதற்கு, வருஷக்கணக்கில் துவைத்தாலும் பிரியாதபடி முனைக்கு முனை முடிச்சுப் போட்டு இறுக்குவது எதற்கு?

டக் என்று ஒரு சத்தம். நூல் சிக்கிவிட்டது. மிதியிலிருந்து காலை எடுத்தாள். உள்ளே கட்டில் முனகியது, சுவரில் கை உரசும் ஓசை கேட்டது, கதவு நிலை, பிறகு பீரோ... வருகிறார். சுருட்டி எங்கே போடுவது, பாதி துணி மிஷினில் மாட்டியிருக்கிறது, இழுத்தால் கிழியும். அவசரத்தில் நூலை வெட்டினாள், விரிப்பை இழுத்தாள், அதற்குள் பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துவிட்டார்.

"இன்னுமா முடியல அந்த ஆர்டரு? கொண்டா, எப்படித்தான் இருக்குதுன்னு பார்ப்போம்" என்றார் ஆரோக்கியநாதன், பார்ப்போம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்.

"அழுக்குக் கைங்க உங்களுது, வேணாங்க, வெள்ளைத் துணி..." வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அவர் கை அதற்குள் விரிப்பைத் தொட்டு, புரட்டி, நல்ல பக்கத்தில் ஊர ஆரம்பித்திருந்தது. கொடியில் போனது, இலை இலையாகத் தொட்டது, சிரித்தார், பிறகு விரல் ஓரத்துக்கு வந்து அந்தத் தடித்த வரியில் நின்றது. வரியோடு மெல்ல நகர்ந்தது, மூலை திரும்பியது, அடுத்த ஓரம். சிரிப்பு எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டு கையையும் விரித்து அகலத்தை அளந்தார்.

"இது நம்ம கட்டிலு அளவு."

அவள் கத்தரிக்கோலை மூடி வைத்தாள்.

"நாளைக்குக் கட்டுப் பிரிக்கிறாங்க இல்ல, பவுலி?"

"ஆமாங்க."

"அப்புறம் எதுக்கு இது?"

குளிருக்கு என்றாள். ஓசூர்க் குளிருக்கு. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள், மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. கோபப்படட்டும், தூக்கி எறியட்டும், நீயே என்னைக் குருடனாக்கிட்டியா என்று கேட்கட்டும், கேட்டால் அழுதாவது தீர்த்துவிடலாம். அவரோ விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், ஒரு இலையை மட்டும் கட்டைவிரலால் திரும்பத் திரும்ப நீவினார்.

"சரி விடு... நல்லாத்தான் இருக்குது. என்னா கலரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தவள் அப்போதுதான் குனிந்து பார்த்தாள். கொடி பாசிப்பச்சையில் கிளம்பி, பாதியில் ஊதாவாகி, முனையில் செங்கல் நிறத்தில் முடிந்திருந்தது, ஓரவரி ஒரு பக்கம் சாம்பல், மறு பக்கம் கண்ணைக் குத்தும் மஞ்சள். ஒரு நூல் தீர்ந்ததும் பெட்டிக்குள் கையை விட்டு எது தடிமனாக இருந்ததோ அதை எடுத்துச் சுற்றியிருக்கிறாள். ஒரு கைக்குட்டை தைப்பதானாலும் நூல்கண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் ஊசியில் கோக்காதவள். எந்த நூலில் பார்ப்பதை விட்டாள்? முதல் நூலிலேயேவா?

"சொல்லு பவுலி..." கட்டுப் போட்ட முகம் அவள் பக்கமே திரும்பியிருந்தது. பச்சை என்று சொல்லிவிடலாம், கொடி என்றால் பச்சைதானே, நம்பிவிடுவார்... நாளைக்கு இவர் பார்த்துவிட்டால்? இத்தனை நாளில் இன்றுதான், அவருக்குப் பார்வை வந்துவிடும் என்று அவள் முதல்முறையாக நினைத்திருக்கிறாள், அதுவும் இப்படிப் பயந்துகொண்டு.