ஞாயிற்றுக்கிழமை இல்லாத அட்டவணை

1.

இந்தக் கதை என் தோல்வியிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருடம் எனக்கு அசெம்பிளி மொழி படிக்கும் கிறுக்குப் பிடித்தது. இயந்திரத்தின் மூளையோடு நேரடியாகப் பேசுகிற மொழி என்றார்கள். ஒரு சின்ன சிப்பை வாங்கிவந்து, இரண்டையும் மூன்றையும் கூட்டச் சொல்லி ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். ஐந்து வந்தது. அத்தோடு கைகழுவினேன். ஆனாலும் ஆசை விடுகிறதா? நான் விட்ட இடத்திலிருந்து தொடர ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்கு ஆள் செய்யத் தெரிந்த இடம் கதை ஒன்றுதான்.

முதல் வரி இப்படி வந்தது: "முத்துநகரின் அலைகள் கரையைத் தழுவும் அந்த இனிய..."

(வேண்டாம். தூத்துக்குடி என்றாலே முத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். இந்தக் கதையில் முத்து கிடையாது. ஐஸ் உண்டு.)

2.

ஜெஸ்லின். வயது இருபத்து மூன்று, எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே ஒரு சின்ன அறையில் படகுகளின் வயர்லெஸ், ஜி.பி.எஸ். எல்லாம் பழுது பார்க்கிறாள். பார்க்கிறாள் என்பது என் பெருந்தன்மை. பொம்பளைப் பிள்ளையிடம் வயர்லெஸ் செட்டைக் கொடுக்க எவருக்கும் மனசு வரவில்லை. மிக்ஸிதான் வந்தது.

அப்போது நேசக்குமார் அண்ணாச்சியின் ஐஸ் கம்பெனிச் சங்கு கெட்டுப்போனது. ஐஸ் தயார் என்று அந்தச் சங்கு தானாக ஊதும். விசைப்படகுக்காரர்கள் வந்து ஏற்றிக்கொள்வார்கள். விடியக்காலம் திங்களன்று மூன்று மணி, சனியன்று ஐந்து மணி, மற்ற நாள் நாலு மணி. ஒரு மாதம் பிசகாமல் ஊதவைத்தால் தம் எட்டுப் படகுகளின் வயர்லெஸ் வேலையும் அவளுக்குத்தான் என்றார் அண்ணாச்சி. அந்த எட்டில் ஒன்றுக்கு டிரைவர், ஜெஸ்லினின் அப்பா சிலுவை. அவரும் ஒரு கெடு வைத்தார். இது சரிப்படாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு, சென்னையில் சித்தப்பா பார்த்துவைத்திருக்கும் ஆபீஸ் வேலைக்குக் கிளம்பிவிட வேண்டும். அந்த ஆபீஸ் பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து கடைக்குப் போய்விடுவாள்.

3.

(கடையில் ரெடிமேட் டைமர் கிடைக்குமே என்று கேட்பீர்கள். கிடைக்கும். எழுதும்போது நானும் அந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றேன். கடைசியில் அவளையே கேட்டேன். "வாங்கி மாட்டினா ஊதும். ஆனா ஏன் ஊதுதுன்னு எனக்குத் தெரியாதே" என்றாள். இந்தப் பதிலுக்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று.)

சங்கை ஊதவைக்கும் பழைய பெட்டிக்குள் இருந்த சிப்புக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். எடு, வை, கூட்டு, ஒப்பிடு, தாவு. "நாலு மணிக்கு ஊது" என்றால் திருதிருவென்று விழிக்கும். கடிகாரத்திலிருந்து மணியை எடு. அதன் ஞாபகத்தில் ஓர் அறையில் வை. அட்டவணையில் இன்றைக்குரிய எண்ணை எடு. இரண்டையும் ஒப்பிடு. ஒன்றாக இருந்தால் ஊதுகிற இடத்துக்குத் தாவு, இல்லாவிட்டால் மறுபடி முதலுக்கே போ. சின்னப் பிள்ளைக்குச் சோறூட்டுகிற மாதிரி ஒவ்வொரு வாயாகக் கொடுக்க வேண்டும்.

ஜெஸ்லினுக்கு இது அலுக்கவே இல்லை. முதல் நாள் மத்தியானம் ஒரு சிவப்பு விளக்கை எரியவிட்டாள். ஒரே ஒரு விளக்கு, கடுகத்தனை. கதவைச் சாத்திவிட்டுத் தனியாக ஓர் ஆட்டம் போட்டாள். ஐந்து வந்தபோது நான் ஆடவில்லை. எனக்கும் அவளுக்கும் அதுதான் வித்தியாசம்.

4.

அட்டவணை எழுதினாள்: 3, 4, 4, 4, 4, 5. அப்பாவிடம் காட்டினாள். சரியாகத்தான் இருக்கிறது என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் யாரும் தொழிலுக்குப் போவதில்லை. ஐஸ் இல்லை, சங்கு இல்லை. இல்லாத நாளை எதற்கு எழுதுவது?

திங்கள் ஊதியது. செவ்வாய் ஊதியது. சனி வரை ஒரு நிமிடம் பிசகவில்லை. அண்ணாச்சி போனில் கூப்பிட்டே பாராட்டினார்.

ஆனால் விதி வேறு மாதிரி... (விதியாவது மண்ணாவது. அடுத்ததைப் பார்ப்போம்.)

5.

ஞாயிறு, சர்ச்சில் ஏழு மணிப் பூசை. பிரசங்கம் நீண்டுபோய், எழுந்தேற்றத்துக்கு எட்டு மணி ஆகிவிட்டது. சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்தினார். சங்கு ஊதியது.

அந்தச் சங்கைக் கையால் தட்டி ஊதவைக்கவும் ஒரு சுவிட்ச் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஊதினால் ஒரே அர்த்தம்தான்: கடலில் ஆபத்து. பெண்கள் எழுந்து ஆண்கள் பக்கத்தில் தங்கள் ஆட்களைத் தேடினார்கள். ஒரு தாய் மகனைக் காணாமல் அலறியேவிட்டாள். அவன் வாசலில் போன் பேசிக்கொண்டு நின்றான். ஆண்கள் செருப்பைக்கூடத் தேடாமல் துறைமுகத்துக்கு ஓடினார்கள்.

பெண்கள் பக்கம் நின்ற ஜெஸ்லினுக்கு மட்டும் உடனே விளங்கிவிட்டது. ஏழாவது நாள் வந்ததும் சிப் ஏழாவது எண்ணைத் தேடிப் போயிருக்கிறது. அட்டவணை முடிந்துவிட்டது என்று அதற்கு யார் சொன்னது? ஆறாவதற்கு அடுத்து எது கிடந்ததோ அதை எடுத்துக்கொண்டது. அடுத்துக் கிடந்தது ஒரு கட்டளை, 'முதல் அறையில் ஒன்றைக் கூட்டு'. சிப்புக்குள்ளே கட்டளைகளும் எண்களாகத்தான் இருக்கும். அந்தக் கட்டளையின் எண் எட்டு. சிப்புக்கு அது எட்டு மணி.

சத்தியமாகச் சொல்கிறேன், ஐஸ் கம்பெனிக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அட, இப்படியா என்று ஓர் ஆச்சரியமும் வந்தது. அதற்காகத் தன்மேலேயே ஆத்திரமும் வந்தது.

6.

அவள் போய்ச் சேர்ந்தபோது ஐஸ் கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். நேசக்குமார் அண்ணாச்சி வாட்ச்மேன் சங்கரலிங்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிறு அங்கே இருப்பது அவர் ஒருவர்தான். சுவிட்சைத் தட்டியது அவர்தான் என்று முடிவே கட்டியாயிற்று. தான் அந்தப் பக்கமே போகவில்லை என்று அவர் மன்றாடியதை யாரும் காதில் வாங்கவில்லை. சாவியை வைத்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார் அண்ணாச்சி.

இந்த இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் ஜெஸ்லின் வாயே திறக்கவில்லை. சத்தமில்லாமல் ஏழாவதாக ஓர் எண்ணைச் சேர்த்துவிடுகிறாள், எந்தக் கடிகாரத்திலும் வராத மணி. மாதம் முடிகிறது, எட்டுப் படகும் கிடைக்கிறது. நன்றாகவே எழுதியிருந்தேன். மறுநாள் படித்தபோது சங்கரலிங்கத்தின் முகத்தில் என்னால் முழிக்க முடியவில்லை. இன்னொன்றில் சிலுவை பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார். (அப்பாவை வைத்து அழவைப்பது சுலபம். கிழித்துப்போட்டேன்.)

நடந்தது இதுதான். சங்கரலிங்கம் சாவிக்கொத்தை நீட்டினார். ஜெஸ்லின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுவே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அவர் தொடல. ஞாயித்துக்கெழமைய நான் எழுதாம விட்டுட்டேன். அதான் ஊதிட்டு."

"ஏளா, சும்மா இரி" என்று சிலுவை கையைப் பிடித்தார். அவள் உருவிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையை எதற்கு எழுத வேண்டும் என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கிண்டலில்லை, நிஜமான சந்தேகம்.

"நமக்குத்தான் ஞாயிறு லீவு" என்றாள். "அதுக்கு யாரும் சொல்லலையே. நான்தான் சொல்லியிருக்கணும்."

அண்ணாச்சி சாவிக்கொத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சங்கரலிங்கத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பேச வாயெடுத்தார்.

நான் ஆறோடு நிறுத்துகிறேன். ஏழாவதை எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். ஆனால் வாசித்து வந்த வேகத்தில் நீங்கள் நிற்கப்போவதில்லை, ஏழுக்குப் போய்விடுவீர்கள். அங்கே உங்களுக்குள் எது கிடக்கிறதோ அதைத்தான் அண்ணாச்சி பேசப்போகிறார். சாவி இப்போது உங்கள் கையில் இருக்கிறது. எதிரே இரண்டு பேர் நிற்கிறார்கள். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்.