தானாகப் பிடித்த பிரேக்

புத்தாண்டு கழிந்த அடுத்த வாரம் வெலிமடை இறக்கத்தில் என் தம்பி உதேனி மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவன் சொன்னது இதுதான்: "அண்ணே, நான் குடிக்கல. முன் பிரேக் தானா பிடிச்சுச்சு."

பிரேக் பிடிக்காமல் விழுந்தவர்களை ஊருக்குத் தெரியும். தானாகப் பிடித்தது என்றால் யார் நம்புவார்கள்? அவன் மனைவி இந்துனிலும் நம்பவில்லை. இனிமேல் குடிப்பதில்லை என்று அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் அவன். வீட்டுக்கு வந்த பிறகு கட்டு மாற்றினாள், சோறு ஊட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு ஒருநாள், வண்டி வேலை தெரிந்த என்னிடம் வந்தாள்.

"பிரேக்கைக் கழட்டிப் பாருங்க அண்ணே. கோளாறு இருந்தா அவர்கிட்டப் பேசறேன். இல்லைன்னா அம்மா வீட்டுக்குப் போயிடறேன்."

பௌர்ணமிப் போயா விடுமுறை நாள் காலை. வண்டி கிடந்த கொட்டகைக்குள் பனி இன்னும் விலகவில்லை. கராஜ் வைத்திருக்கும் நண்பன் பந்துல, ஸ்பேனர்கள் கிலுங்கும் ஆயுதப் பெட்டியோடு வந்து, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தான். இந்துனில் கதவோரம் கைகட்டி நின்றாள்.

"மச்சாங், பிரேக்கைத் தேடாதே. சாராயப் போத்தலைத் தேடு," என்றான் பந்துல.

"வாயை மூடிட்டு அந்த ஸ்பேனரைக் கொடு."

"புது ரப்பர் செட் வேற வாங்கி வெச்சிருக்கே. தம்பிக்கு வக்கீல் ரெடி!"

முன்சக்கரத்தைச் சுழற்றப் பார்த்தேன். அசையவில்லை. லீவரை யாரும் தொடாமலே பிரேக் கட்டைகள் சக்கரத் தட்டைக் கவ்விக்கொண்டிருந்தன. குழாயைத் தளர்த்தியதும் உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் சீறி வெளியேறியது. அப்புறம்தான் சக்கரம் உருண்டது. தட்டு சுற்றிலும் நீலம் பாரித்துக் கிடந்தது.

பந்துல வாளியைவிட்டு எழுந்தான். "டேய்... இது கொதிச்சிருக்கு. அவன் பிடிக்காமலே பிடிச்சிருக்குடா."

கதவோரம் ஒரு விம்மல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. தம்பி சொன்னது உண்மை. அந்த நிம்மதி என் நெஞ்சுக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் காரணம் தெரியாமல் பிரேக்கைத் திரும்பப் பூட்டி எனக்குப் பழக்கமில்லை.

லீவருக்குள் இருந்த பிஸ்டனை வெளியே எடுத்தேன். அதன் நுனி ரப்பரைப் புதியதன் பக்கத்தில் வைத்தேன். பழையது ஊறிப் பருத்துத் தொளதொளவென்று இருந்தது. பிரேக் எண்ணெய் மேலே திரும்புகிற துளை ஊசிமுனை அளவுதான். இந்த ரப்பர் அதை அடைத்துக்கொண்டிருக்கிறது. இறக்கத்தில் சூடேற ஏற உள்ளே இருந்த எண்ணெய் விரிந்து, போக வழியில்லாமல் சக்கரத்தை இறுக்கியிருக்கிறது.

"வேற ஏதோ எண்ணெய் கலந்திருக்கு," என்றான் பந்துல. "எந்த மடையன் ஊத்தினான்?"

கைப்பிடியின் மேலிருந்த எண்ணெய்க் கிண்ணத்தின் வட்ட மூடியைத் திருகினேன். அடியில் இருக்கவேண்டிய ரப்பர் எப்போதோ தொலைந்துவிட்டது. காலைக் குளிரில் மேலே வெள்ளையாக ஓர் ஆடை உறைந்திருந்தது. விரலால் தொட்டேன். விரலின் சூட்டில் உருகியது. முகர்ந்தேன்.

தேங்காய் எண்ணெய். அதில் மூலிகை வாசம். நோய்நொடி அண்டாமல் இருக்க, புத்தாண்டு நல்ல நேரத்தில் விகாரையில் எங்கள் எல்லோருடைய தலையிலும் வைத்த எண்ணெய்.

இந்துனில் எப்போது பக்கத்தில் வந்தாள் என்று தெரியாது. மூடியை என் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள். முகம் வெளுத்தது.

"நான்தான் அண்ணே."

"என்ன நங்கி, என்னம்மா சொல்றே?"

"அன்னைக்கு மிச்ச எண்ணெயைக் கொண்டுவந்தேன். 'எல்லாருக்கும் வெச்சாங்களே, வண்டிக்கு இல்லையா'ன்னு அவர் கிண்டல் பண்ணினார். அவர் குளிக்கப் போனதும் நிஜமாவே வெச்சேன். கைப்பிடியில வேப்பிலை கட்டினேன். இந்த மூடியைப் பார்த்தா உச்சந்தலை மாதிரியே இருந்துச்சு. இதுதானே தலை? கொஞ்சம்தான் ஊத்தினேன். அவருக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு..."

பந்துல தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டினான்.

ரப்பரில் தவறில்லை, அவனிடம் தவறில்லை, இவளிடம்? தேய்ந்த ரப்பர்தான் காரணம் என்று தம்பியிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பந்துலவும் அதையே நினைத்தான் போலும். லேசாகத் தலையசைத்தான்.

"அண்ணே!" உள்ளேயிருந்து உதேனியின் குரல். "ஏதாவது கிடைச்சுதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் இந்துனில் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"கிடைச்சுது," என்றாள் சத்தமாக. விழுந்த நாளிலிருந்து அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "நீங்க குடிக்கல. இருங்க, நானே வந்து சொல்றேன்."

உள்ளே அவன் சிரிப்பது கேட்டது. குழந்தை மாதிரி, சத்தம் போட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நோக்கி மூடியை இரண்டு கையாலும் பிடித்தபடி அவள் நடந்தாள்.