கனகரத்தினம் ஐயாவின் கல்வெட்டு

ஹாலிஎலயிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து பதுளையில் கம்ப்யூட்டர் திருத்திப் பிழைப்பவன் நான். கனகரத்தினம் ஐயாவைப்போல் ஒரே ஒரு வாடிக்கையாளர் வாய்த்தால் போதும், ஆயுசு பாதியாகிவிடும்.

ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர். அவர்கள் வழக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் அவருடைய புகழைப் பாட்டாக்கி, புத்தகம் போட்டுச் சபையில் படிப்பார்கள். அதற்குக் கல்வெட்டு என்று பெயர். பிள்ளைகளை நம்பமுடியாது என்று ஐயா தன் கல்வெட்டைத் தானே எழுதி, கம்ப்யூட்டரில் தட்டி வைத்திருந்தார்.

அதில் ஒரு வரி அவரையே குத்தியது: ‘பிறர்பொருளைத் தீண்டாத பெருந்தகை.’

“அஜந்தன், நீர் போட்டுத் தந்த விண்டோஸ் களவுதானே?”

“பதுளையில எல்லார் வீட்டுலயும் அதுதாங்க ஐயா.”

“எல்லாருக்கும் நான் கல்வெட்டு எழுதேல்லை.”

விண்டோஸுக்குப் பதிலாக ஓடக்கூடிய லினக்ஸ் சீடி ஒன்று தபாலில் இலவசமாக வந்தது. ஐயா அதைப் போட்டு, விண்டோஸை அடியோடு துடைத்துவிட்டார். பாட்டை மட்டும் பத்திரமாகப் பிரதி எடுத்தவர், அதைத் தட்டிய பாமினி எழுத்துருவை மறந்துபோனார். அந்த எழுத்துரு இல்லாவிட்டால் அதில் தட்டிய தமிழ் தமிழாகத் தெரியாது. திறந்து பார்த்தால் பெருந்தகை முழுவதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடந்தார்.

நான் போனபோது ஐயா இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது.

“இப்ப நான் செத்தால் இதைத்தான் படிப்பினமோ?”

லினக்ஸிலேயே பாமினியை ஏற்ற வழி இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற பழக்கமும் எனக்கில்லை.

“திரும்ப விண்டோஸ் போட்டாத்தாங்க ஐயா சரிவரும்.”

அவர் எழுந்துபோய் வாசற்கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, “சரி, போடும்” என்றார்.

களவு விண்டோஸும் கூடவே பாமினியும் ஏறின. பிறர்பொருளைத் தீண்டாத பெருந்தகை பளிச்சென்று திரைக்குத் திரும்பினார். ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தேத்தண்ணீர் கொண்டுவந்த அவருடைய மனைவி சரோஜாதேவியம்மா, அப்போதுதான் முதல்முறையாகப் பாட்டை முழுக்க வாசித்தார். பிறந்த ஊர், படித்த பள்ளி, வகித்த பதவி, வாங்க மறுத்த லஞ்சம் என்று எல்லாம் இருந்தன. கடைசிவரை போய், மறுபடி மேலேயிருந்து தேடினார்.

“என்ர பேரைக் காணேல்லையே?”

“சரோஜாதேவி யாப்புக்குள்ள அடங்கேல்லை” என்றார் ஐயா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அம்மா கோப்பையை மேசையில் வைத்தார்.

“முப்பத்தொண்டிலை முன்னுக்கிருந்து இதைக் கேக்கப்போறவள் நான். தம்பி, அந்த லினக்ஸையே திரும்பப் போட்டுவிடுங்கோ.”