அடிபம்பில் வந்த பிரான்ஸ் ஒயின்

ஆம்பூர் ரெட்டித்தோப்பில் இருதயராஜ் வீட்டு அடிபம்பில் மூன்று வருஷங்களாகச் சிவப்பு ஒயின் வருகிறது. அதற்கு முன்பு உப்புத் தண்ணீர் வந்தது. நிறத்தைப் பார்த்துத் தெருவில் யாரும் அசந்துபோகவில்லை. பாலாற்றுக் கரைக்காரர்கள் மஞ்சள் தண்ணீரும் பார்த்தவர்கள், நீலத் தண்ணீரும் பார்த்தவர்கள். எந்தத் தோல் டேனரிக்காரன் கழிவைத் திறந்துவிட்டான் என்று மட்டும் விசாரித்தார்கள். இருதயராஜும் முதலில் அப்படித்தான் சந்தேகப்பட்டார். ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர் அவர். குவளையை முகர்ந்ததும் பதப்படுத்திய தோலின் வாசனை அடித்தது. அதற்கடியில் நாவல்பழம், நனைந்த கல். அதற்கும் அடியில் இருந்ததை அவர் உடம்பு உடனே கண்டுகொண்டது. குவளையைக் கவிழ்த்துவிட்டார்.

குடியை விட்டு அவருக்கு ஏழு வருஷம் ஆகியிருந்தது. மனைவி சவுரியம்மாள் வந்து பார்த்தபோது காலிக் குவளையும் வாடையும்தான் மிச்சம். பம்பிலிருந்தே வருகிறது என்றார். அவளே அடித்துப் பார்த்தாள், வந்தது. குடிகாரன் நினைத்தால் குழாய்க்குள்ளும் ஊற்றி வைப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. பைபிளின்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தார். அப்படி முன்பு செய்த சத்தியங்களை அவள் ஞாபகப்படுத்தினாள். பம்புக் கைப்பிடியில் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மதுவிலக்குப் போலீஸ் வந்து ஊறல் பானையைத் தேடியது, கிடைக்கவில்லை. பூமியை எப்படிக் கைது செய்வதென்று தெரியாமல் திரும்பிப் போனது. பங்குச் சாமியாரும் வந்தார். தண்ணீரை ஒயினாக்கிய கானாவூரில் ஆண்டவரைக் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார்கள், இங்கே யாரும் அழைக்கவில்லையே என்று யோசனையோடு சொல்லி, வாயில் வைக்காமல் போய்விட்டார்.

அந்த வருஷம் ஆடி மாதம் கம்பெனியில் ஷூ வாங்க வந்த பிரெஞ்சு பையர் கேள்விப்பட்டு, ஆபீசில் வேலை செய்யும் பூர்ணிமாவை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் கறுத்தது. இது தன் அம்மா வீட்டு ஒயின் என்றார். மலைச்சரிவில் சின்னத் தோட்டம், முந்நூறு வருஷத்துக் கட்டடம், எந்த பாட்டில் யாரிடம் போகிறது என்றுகூடத் தெரியுமாம். அவர்கள் ஒயினுக்கு எப்போதும் தோல் வாசனை உண்டாம். எங்கே திருடினீர்கள் என்று கேட்டார். சவுரியம்மாள் பூட்டைத் திறந்துவிட்டாள். அவரே அடித்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவந்து, கை ஓயும்வரை அடித்தார். பிறகு ஊருக்குப் போன் போட்டார்.

அங்கே முத்திரை உடையாத பீப்பாய்களுக்குள் ஒயின் பங்குனியிலிருந்து, இங்கே பம்பில் வரத் தொடங்கிய மாதத்திலிருந்து, குறைந்துகொண்டிருந்தது. கிடங்குக்காரர் குடித்துவிட்டார் என்று வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்கள். அவரும் ஒருகாலத்தில் குடித்தவர்தான். அவர் மனைவி கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

பூர்ணிமா இதைத் தமிழில் சொன்னதும் சவுரியம்மாள் சாவியைத் திருகிக்கொண்டு நின்றாள். பிறகு, "அந்தம்மாவுக்குப் போன் போடச் சொல்லு," என்றாள்.

போட்டார்கள். அவள் பேசியதைப் பூர்ணிமா இங்கிலீஷாக்க, பையர் பிரெஞ்சாக்கினார்.

"உன் வூட்டுக்காரரு குடிக்கலம்மா. எல்லாம் இங்கதான் வருது. என் கண்ணால பாத்தேன். சந்தேகப்படாத, வூட்டுக்குப் போ."

இதைச் சொல்லும்போது அவள் இருதயராஜைப் பார்க்கவில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

கிடங்குக்காரருக்கு வேலை உடனே கிடைத்தது. மனைவி திரும்பி வரக் கிறிஸ்துமஸ் ஆயிற்று. ஒயின் நிற்கவில்லை. பீப்பாயில் ஆவியாகப் போவது ஒரு பங்கு, ஆம்பூருக்குப் போவது ஒரு பங்கு என்று தோட்டக்காரர்கள் மனதைத் தேற்றிக்கொண்டார்கள். சவுரியம்மாள் பம்பை மறுபடி பூட்டாவிட்டாலும் இருதயராஜ் ஒரு சொட்டும் தொடவில்லை. தெருவில் மற்றவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

போன மாதம் நிறம் வெளுத்து வந்தது. சவுரியம்மாள் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"இந்தத் திராட்ச காய்ச்ச வருசம் அங்க மழ ஜாஸ்தி போல," என்று சொல்லிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணி லாரிக்குப் போனாள்.